ஒற்றை ஜெர்பிலும் நமது சமாதானங்களும்

"ஒரே ஒரு ஜெர்பிலை மகிழ்ச்சியாகவும் நலமாகவும் வளர்ப்பது எப்படி?" என்ற கேள்வி இப்போது தமிழ்ப் பெற்றோரிடமிருந்தும் வரத் தொடங்கியிருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்து கதை சொல்லிவிட்டுப் போக, இங்கே புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் உள்ள பிள்ளைகளும் கேட்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆயினும் கேள்வியின் முதல் இரண்டு சொற்களிலேயே பிழை இருக்கிறது. ஜெர்பில் தனித்து வாழும் பிராணி அன்று. "ஒரே ஒரு" என்பதை விட்டுக் கொடுக்காமல் "மகிழ்ச்சி" என்பதை அடைய இயலாது.

ஓர் எலிக்காக இத்தனை வாதமா என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முறையிட வாயில்லாத ஓர் உயிரை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குள் அடைப்பவருக்கு, அதன் இயல்பை அறிந்துகொள்ளும் கடமை உண்டு. அந்தக் கடமையைத் தட்டிக் கழிக்க நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் இந்தப் பிராணி யார் என்பதைத் தெரிந்துகொள்வோம். செல்லப்பிராணியாக விற்கப்படுவது பெரும்பாலும் மொங்கோலிய ஜெர்பில். மொங்கோலியாவிலும் அதை அடுத்த வட சீனத்திலும் உள்ள வறண்ட புல்வெளிகளே அதன் தாயகம். 1866இல் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதை வட சீனத்திலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1935இல் ஜப்பானியர் அமூர் ஆற்றுப் படுகையில் 20 சோடிகளைப் பிடித்து ஆய்வுகூடத்தில் பெருக்கினார்கள். அவற்றின் வழிவந்த 11 சோடிகள் 1954இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. 1964இல் பிரித்தானியாவுக்கு வந்தன. மேற்கு நாட்டு வீடுகளில் இன்று வளரும் ஜெர்பில்களில் பெரும்பாலானவை அந்தச் சில விலங்குகளின் சந்ததியே. ஆக, மனிதன் அதைக் கூட்டில் அடைக்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. நாயும் மாடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து மாறியதைப்போல இதுவும் மாறியிருக்கும் என்று எண்ணுவது தவறு.

தாயகத்தில் அது குடும்பமாக வாழ்கிறது. ஓர் இணை, அதன் குட்டிகள், வளர்ந்தும் பிரியாத பிள்ளைகள் என்று ஒரே வளையில் பத்துக்கும் மேற்பட்டவை இருப்பதுண்டு. ஒன்றின்மேல் ஒன்று படுத்து உறங்கும். ஒன்றின் மயிரை மற்றொன்று துப்புரவு செய்யும். வயிற்றிலுள்ள மணச் சுரப்பியைத் தரையில் தேய்த்துத் தன் எல்லையைக் குறிக்கும். ஆபத்தைக் கண்டால் பின்னங்கால்களால் நிலத்தைப் படபடவென்று தட்டி மற்றவற்றை எச்சரிக்கும். தனிக் கூட்டில் அடைபட்ட ஜெர்பிலும் தட்டும். வீட்டார் அதை விளையாட்டு என்று நினைத்துக் கைகொட்டுவார்கள். யாரை எச்சரிப்பதற்காகத் தட்டுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த இனம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. ஜெர்பில் வகையைச் சேர்ந்த ஓர் எலி இலங்கையின் வறண்ட வலயத்தில் இயற்கையாகவே வாழ்கிறது. தமிழகத்தில் அதனை வெள்ளெலி என்பார்கள். பெரிய கண்கள், வெண்ணிற வயிறு, நுனியில் மயிர்க்குஞ்சம் உள்ள நீண்ட வால். பகல் முழுவதும் வளைக்குள், இரவில் வெளியே. வளைக்குப் பல வாசல்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றை நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, பொலபொலத்த மண்ணால் மூடி வைத்திருக்கும். பகை உள்ளே நுழைந்தால் அந்த மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தோடுவதற்கான அவசர வழி அது. இத்தனை கட்டடக் கலை தெரிந்த உயிரைப் பயிரின் பகை என்று நஞ்சு வைத்துக் கொல்கிறோம். அதன் மொங்கோலிய உறவினரைச் செல்லம் என்று பணம் கொடுத்து வாங்கி, நான்கு விரற்கடை மரத்தூள் பரப்பிய பெட்டியில் விடுகிறோம். இரண்டு இனத்துக்கும் வாழ்வு என்பது மண்ணுக்குள் இருக்கிறது என்பதை இரண்டு இடத்திலும் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் வெள்ளெலியையே பிடித்து வளர்க்கலாமே என்று எவரும் கிளம்ப வேண்டாம். எலிகளின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் இந்த நாட்டில் ஆண்டுதோறும் உயிர்களைப் பறிக்கும் நோய். காட்டில் வாழ்வது காட்டிலேயே வாழட்டும்.

இனிச் சமாதானங்களுக்கு வருவோம்.

முதலாவது: "தனியே இருந்தால்தான் நம்மோடு நன்றாகப் பழகும்." இதைச் சொல்பவர்கள் தாம் என்ன சொல்கிறோம் என்பதை ஒருகணம் நின்று யோசிக்க வேண்டும். அதன் இனத்தின் துணையைப் பறித்துவிட்டால், வேறு வழியின்றி அது நம் கையை நாடும் என்பதுதானே இதன் பொருள்? அதற்குப் பழக்கம் என்று பெயரிடலாமா? வீட்டுப் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். மாலையில் பிரத்தியேக வகுப்பு. இரவில் தொலைக்காட்சி, கைத்தொலைபேசி. மிஞ்சும் அரை மணி நேரத்தை அந்தப் பிராணிக்குக் கொடுத்துவிட்டு, மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கும் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். இணையைப் பிரித்த ஜெர்பில்களின் நடத்தை மாறுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆய்வு இல்லாமலும் இது விளங்க வேண்டிய விடயம். உண்மையில், இரண்டாக வளரும் ஜெர்பில்களும் மனிதக் கைக்குப் பழகும். நாள்தோறும் பொறுமையாகப் பழக்கினால் போதும்.

இரண்டாவது: "இரண்டு வாங்கினால் குட்டி போட்டுப் பெருகிவிடும்." ஆணும் பெண்ணுமாக வாங்கினால் பெருகத்தான் செய்யும். கருக்காலம் ஏறத்தாழ 25 நாட்களே. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள். ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ வாங்குவதற்கு என்ன தடை? ஆண் பெண் பிரித்துச் சொல்லத் தெரியாத வியாபாரியிடம் வாங்காமல் விடுவதற்கு என்ன தடை? தெரியாதவனுக்கு விற்கும் உரிமை எப்படி வந்தது?

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. நமது நாட்டுச் செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் காணப்படுவது ஹாம்ஸ்டர். ஜெர்பில் அருமையாகவே வரும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே ஆலோசனையைச் சொல்லி அனுப்புகிறார்கள். சிரிய ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனியே வாழும் இயல்புடையது. இரண்டைச் சேர்த்தால் ஒன்றையொன்று கொல்லும். ஜெர்பிலோ குடும்பத்தோடு வாழ்வது. முன்னதற்குச் சரியானது பின்னதற்குத் தண்டனை. மீன்காரரிடம் சூடையையும் சாளையையும் பிரித்துக் கேட்டு வாங்கும் நமது கரையோர மக்கள், உயிரோடு வாங்கும் பிராணியின் இனத்தைக் கேட்காமல் வாங்குவது விந்தை.

மூன்றாவது சமாதானம் நமது மாவட்டத்துக்கே உரியது: "அது பாலைநிலப் பிராணி, புத்தளம் வறண்ட வலயம், ஆகவே இங்கே நன்றாக இருக்கும்." பாடப்புத்தகத்தில் படித்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு செய்யும் பிழை இது. வறண்ட வலயம் என்பது மழையின் அளவைக் குறிக்கும் பெயர். காற்றின் ஈரத்தை அது குறிப்பதில்லை. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு. கற்பிட்டியிலும் உடப்பிலும் மழை இல்லாத மாதத்தில்கூடக் காலையில் உப்புச்சாடியைத் திறந்தால் உப்பு கசிந்திருக்கும். நமது காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேதான் நிற்கிறது. மொங்கோலிய ஜெர்பிலுக்கு 50 வீதத்துக்குக் கீழே இருப்பதே நல்லது. அதற்கு மேலே போனால் மயிர் எண்ணெய் பூசியதுபோல ஒட்டிச் சிலிர்த்து நிற்கும். மூக்கைச் சுற்றிப் புண் வரும்.

வெப்பமும் அப்படியே. பாலைநிலப் பிராணி வெயிலைத் தாங்கும் என்று நினைக்கிறோம். அது வெயிலைத் தாங்குவதில்லை. வெயிலிலிருந்து தப்பி நிலத்துக்குள் இறங்குகிறது. தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் இருப்பதற்கு இறங்க இடமில்லை. சித்திரை மாத மதியத்தில் அந்தப் பெட்டி ஓர் அடுப்பு. ஆகவே, காற்றின் ஈரத்தையும் வீட்டின் வெப்பத்தையும் கட்டுப்படுத்த வசதியில்லாத கரையோர வீட்டில் ஜெர்பில் வளர்க்கவே கூடாது என்பதுதான் எனது முடிவு. ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம். குளிரூட்டி பூட்டிய அறை இருப்பவர்கள் மட்டுமே இதைப் பற்றி யோசிக்கலாம். அவர்களும் மின்வெட்டை மறந்துவிடக் கூடாது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது.

நான்காவது: "கூடு இருக்கிறது, ஓடச் சில்லு இருக்கிறது, தீனி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?" கூட்டின் மூலையில் ஜெர்பில் மணிக்கணக்காக முன்னங்கால்களால் பறண்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. சுறுசுறுப்பு என்று பாராட்டுவார்கள். சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் கிறிஸ்டோஃப் வீடன்மையர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அது என்னவென்று காட்டியது. தோண்டுவதற்கு மணல் மட்டும் கொடுத்த குட்டிகள் வளர்ந்தும் அந்தப் பறண்டலை விடவில்லை. ஒடுங்கிய வழியோடு கூடிய இருண்ட வளை ஒன்று கிடைத்த குட்டிகளிடம் அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. அதற்கு வேண்டியிருந்தது தோண்டும் வேலை அன்று, ஒளிந்துகொள்ள ஒரு வீடு. கிடைக்காத வீட்டைத் தேடிக் கண்ணாடியைப் பறண்டும் உயிரைப் பார்த்துத்தான் நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

சுவிற்சர்லாந்தில் நமது மக்கள் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த நாட்டில் 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, கூடி வாழும் இயல்புடைய விலங்குகளுக்கு அவற்றின் இனத்தின் துணை கிடைக்க வேண்டும். ஜெர்பிலும் கினிப்பன்றியும் அந்த விதிக்குள் அடங்கும். ஆக, பேர்ணிலும் சூரிச்சிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு ஒற்றை ஜெர்பில் என்பது சட்டத்துக்குப் புறம்பானது. அதே குடும்பத்தின் மச்சான் வீட்டுப் பிள்ளைக்குச் சிலாபத்தில் அது பிறந்தநாள் பரிசு.

நமது சட்டம் எப்படி இருக்கிறது? மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்ட அதில் விதிக்கப்பட்ட உச்ச அபராதம் 100 ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அமைச்சரவைக்கும் குழுக்களுக்கும் இடையே இழுபட்டது. அரசாங்கங்கள் மாறின, வாக்குறுதிகள் மாறவில்லை. வாக்குரிமை இல்லாத உயிர்களுக்காக நாடாளுமன்றம் அவசரப்படுவதில்லை.

இதற்கு வரும் மறுமொழியும் எனக்குத் தெரியும். "மனிதருக்கே இடமில்லாத ஊரில் எலிக்கு வீடா?" புத்தளத்து மண்ணில் நின்று இதைக் கேட்பவரை நான் எளிதாக மறுக்க விரும்பவில்லை. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த மண் இது. ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார்கள். அந்தத் துயரத்தையும் ஒரு பிராணியின் துயரத்தையும் நான் ஒரு தராசில் வைக்கவில்லை. ஆனால் மனிதருக்கு இடமில்லாததற்குக் காரணம் எலிக்கு வீடு கொடுத்தது அன்று. யாரும் நம்மை ஜெர்பில் வளர்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வாங்காமல் இருப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஓர் அடி நிலமும் தேவையில்லை. வாங்கியவர் மட்டுமே கடன்பட்டவர்.

சரி, ஏற்கெனவே ஒற்றையாக ஒன்று வீட்டில் இருந்தால் என்ன செய்வது? இதுவே நேர்மையான கேள்வி. சோடியில் ஒன்று இறந்திருக்கலாம். ஒன்றாக வளர்ந்த இரண்டு திடீரென்று பகைத்துப் பிரிந்திருக்கலாம். ஜெர்பில்களிடையே அதுவும் நடக்கும். யாரோ கைவிட்டதை நீங்கள் எடுத்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு என் கண்டனம் இல்லை. ஆனால் கடமை உண்டு.

முதற் கடமை துணை தேடுவது. அதையும் அவசரத்தில் செய்யக் கூடாது. அறிமுகமில்லாத இரண்டைத் திடீரென்று ஒரே கூட்டில் விட்டால் இரத்தம் சிந்தும். ஒரே தொட்டியின் நடுவே கம்பி வலைத் தடுப்பு வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக விட வேண்டும். நாளில் பல தடவை பக்கம் மாற்ற வேண்டும். ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் பழகும். ஒரு வாரமோ அதற்கு மேலோ சென்று, தடுப்பின் இருபுறமும் அமைதியாக உறங்கத் தொடங்கிய பிறகே, கண்காணிப்போடு சேர்க்க வேண்டும். பந்துபோல உருண்டு சண்டையிட்டால் தடித்த கையுறை அணிந்து உடனே பிரிக்க வேண்டும். துணையாக வருவது இளங்குட்டியாக இருந்தால் பொருந்துவது எளிது. மூன்று வயதைக் கடந்த கிழட்டு ஜெர்பிலையும், பல தடவை முயன்றும் சண்டையை விடாததையும் தனியே இருக்க விடலாம். அது விதிவிலக்கு. விதிவிலக்கை வியாபாரிகள் விதியாக்கக் கூடாது.

தனியே இருக்க நேர்ந்ததற்கு மற்ற எல்லாம் இரட்டிப்பாகத் தரப்பட வேண்டும். கம்பிக் கூட்டை விட்டுவிட்டு, ஒரு மீற்றர் நீளமான கண்ணாடித் தொட்டியும் மேலே வலை மூடியும் வையுங்கள். கடதாசித் துண்டுகளையும் வைக்கோலையும் வாசனையற்ற மரத்தூளையும் கலந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்கி நிரப்புங்கள். அப்போதுதான் சுரங்கம் இடியாமல் நிற்கும். உள்ளே ஒரு சிறிய மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மண் குளிர்ச்சி, இருட்டு, வீடு மூன்றும் அதில் கிடைக்கும். பல் வாழ்நாள் முழுவதும் வளரும். கடிப்பதற்குச் சிரட்டையும் கொய்யாக் கிளையும் கடதாசி மட்டையும் போதும். பிளாஸ்ரிக் பொருட்களை விழுங்கிவிடும், ஆகாது. சில்லு வைப்பதானால் இடைவெளியில்லாத முழுத்தகட்டுச் சில்லாக, 28 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். கம்பிச் சில்லில் காலும் வாலும் சிக்கும்.

குளிப்பதற்குத் தண்ணீர் வேண்டாம், மணல் வேண்டும். நமது கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கிறது. நன்னீரில் பல தடவை அலசி, வறுத்து, ஆறவைத்த மணலே தகும். தீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் போதும். குரக்கன், தினை போன்ற சிறுதானியங்கள் முதன்மையாக இருக்கட்டும். சூரியகாந்தி விதையைக் கண்டால் வேறெதையும் தொடாது, கொழுத்து நோயுறும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வாலின் தோல் கையோடு உரிந்து வந்துவிடும். ஜெர்பில்களிற் சிலவற்றுக்குப் பயத்தினாலோ புதிய இடத்தினாலோ வலிப்பு வரும். அப்போது அசைக்காமல் இருட்டில் அமைதியாக விட்டால் சில நிமிடங்களில் தெளியும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை தொடர்ந்து குறைந்தால் பல்லிலோ உடலிலோ கோளாறு. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் இருக்கிறது. எலி போன்ற சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய வைத்தியர்கள் நமது பக்கத்தில் அரிது. வாங்கும் முன்பே யாரிடம் கொண்டுபோவது என்று விசாரித்திருக்க வேண்டும்.

இத்தனையும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் தொடர்ந்து செய்ய வேண்டியவை. பிள்ளையின் ஆசை மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதன் பிறகு? "பின்வளவில் விட்டுவிடலாம், மணல்தானே" என்பார்கள். கூட்டில் பிறந்தது காகத்துக்கும் பூனைக்கும் கீரிக்கும் ஒருநாள் இரை. தப்பிப் பிழைத்துப் பெருகினால் இன்னும் கேடு. அந்த அச்சத்தால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியாவும் ஹவாயும் ஜெர்பில் வளர்ப்பதையே தடை செய்திருக்கின்றன.

தேவை தீர்ந்ததும் விட்டுவிடும் பழக்கத்தின் விளைவைப் பார்க்க நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. கற்பிட்டி வீதியிலும் புத்தளம் நகரின் ஓரத்திலும் மன்னாரிலும் அலையும் கழுதைகளைப் பாருங்கள். கடல்வழி வந்த வணிகர்களால் கொண்டுவரப்பட்டு, நமது முன்னோரின் பொதியைச் சுமந்தவற்றின் சந்ததி அவை. லொறி வந்தது, கழுதை தெருவுக்குப் போனது. இன்று குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் பையைத் தின்று, இரவில் வாகனத்தில் அடிபட்டுக் கிடக்கின்றன. உழைத்த பிராணிக்கே இந்தக் கதி என்றால், வேடிக்கைக்கு வாங்கியதன் கதி என்னவாகும்?

ஆகவே என் கோரிக்கை சிக்கலானது அன்று. விற்பவர்களே, ஜெர்பிலை ஒற்றையாக விற்காதீர்கள். ஆண் பெண் பிரிக்கத் தெரியாவிட்டால் விற்கவே வேண்டாம். வெளிநாட்டு உறவினர்களே, மருமகளின் பிறந்தநாளுக்கு உயிருள்ள பொம்மை வாங்கப் பணம் அனுப்பாதீர்கள். புத்தகம் வாங்க அனுப்புங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்டால் "இங்கே அதனால் நலமாக இருக்க முடியாது" என்று காரணத்தோடு மறுத்துவிடுங்கள். மாலையில் வளவின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, மணலில் உள்ள வளைகளையும் காலடித் தடங்களையும் காட்டுங்கள். எட்டி நின்று பார்க்கப் பழகிய பிள்ளை, பிறகு ஒன்றை வளர்க்க நேர்ந்தாலும் ஒழுங்காக வளர்க்கும்.